ஸ்பிரிட் குடித்த புழுக்கள்

பைக் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பெயிண்டர் மடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். மடியில் ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் பஞ்சு திணித்து ஆறு கண்ணாடிக் குப்பிகள். குப்பிக்கு ஒன்றாக ஆறு பட்டுப்புழு, தின்ன ஆளுக்கொரு துண்டு மல்பெரி இலை. ஒன்றிலிருந்து ஆறு வரை நம்பர் எழுதி ஒட்டியது அவருடைய பெண்சாதி. எல்லாம் நடுவிரல் நீளத்துக்கு வளர்ந்து, இன்றைக்குக் கூடு கட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த புழுக்கள்.

"மெதுவா போ மாப்ள, குலுங்குது."

"மெதுவா போலாம் மாமா. அக்கா பதினோரு மணிக்கு ரெண்டு அடுக்கையும் குழியில கொட்டிடும். பரவால்லியா?"

"அப்ப வேகமா போ."

"புழு குலுங்குமே?"

"டேய், வண்டியப் பாத்து ஓட்டுடா!"

மாப்பிள்ளை என்றால் பெண்சாதியின் தம்பி. கல்லூரி லேபில் அட்டெண்டர். வந்த வினைக்குப் பாதி காரணம் அவன். மீதிப் பாதி பின்னால் உட்கார்ந்திருந்தது.

பெயிண்டரின் பெண்சாதிக்குத் தெருவில் 'கெடுபிடி' என்று பேர். முகத்துக்கு நேராகச் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரே அறைதான் அவளுடைய புழு மனை. அதற்குள் போக வேண்டுமென்றால் கை கழுவணும், கால் கழுவணும், வாசலில் கிடக்கும் செருப்பைத்தான் மாட்டணும். பவுடர் பூசக்கூடாது, பீடி பிடித்துவிட்டு வரக்கூடாது, போனை அடுப்படியிலேயே வைத்துவிட்டு வரணும். "ஆபரேஷன் தியேட்டர்லகூட இவ்வளவு இல்ல" என்று அவள் தம்பி சொன்னதற்கு, "அங்க ஒரு நேரத்துக்கு ஒரு உசுரு. இங்க ஆறாயிரம்" என்றாள்.

அந்த ஆறாயிரமும் சாதாரணக் கூட்டுக்கு வளர்க்கிற புழு இல்லை. சாதாரணக் கூடு நூல் எடுக்கப் போகும், வெந்நீரில் முடிந்துவிடும். இது விதைக்கூடு. இதிலிருந்து வெளியே வரும் பூச்சி இடும் முட்டைதான் ஊரிலுள்ள மற்ற மனைகளுக்கெல்லாம் போய்ப் புழுவாகும். அதனால் கண்டவர்களையும் விதை வளர்க்க விடமாட்டார்கள். தொடர்ந்து மூன்று தடவை ஆபீசர் வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஆறு அடுக்கில் குறைந்தது நாலு அடுக்குப் புழு, ஒரு குறையுமில்லாமல், அவர் கண் முன்னால் கூடு கட்டும் தட்டியில் ஏற வேண்டும். குறைந்தால் பழைய இரண்டு தடவையும் செல்லாது. கெடுபிடி இரண்டு தடவை தேறிவிட்டாள். மூன்றாவது இன்றைக்கு. ஆபீசர் பன்னிரண்டு மணிக்கு வருகிறார்.

தப்பு நடந்தது முந்தாநாள்.

அவள் ஒரு கையெழுத்துக்காக விதை ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. உலர்ந்த காற்று வீசிய நாள். போட்ட இலை அரை மணி நேரத்தில் அப்பளமாகிவிடும். பெயிண்டருக்கு அன்று வேலை இல்லை.

"ஏங்க, நான் வர்ற வரைக்கும் ஒரே ஒரு வேலைதான். இலை வாடுச்சுன்னா ஸ்பிரேயர்ல தண்ணி தெளிங்க. கீழ் அடுக்குல ஆரம்பிச்சு மேல போங்க. எறும்பு தரையிலேர்ந்துதான் ஏறும், முதல்ல கீழதான் பாக்கணும். புரியுதா?"

"இருபது வருஷமா ஊர் சுவரெல்லாம் அடிக்கிறேன். எனக்கு ஸ்பிரே அடிக்கச் சொல்லித் தர்றியா?"

"இது சுவரு இல்ல."

மனையில் ஸ்பிரேயர் இரண்டு. இரண்டும் ஒரே கடையில் வாங்கியது, ஒரே நீலம். ஒன்றில் தண்ணீர். இன்னொன்றில் தட்டி துடைப்பதற்காகத் தம்பி கொண்டுவந்து கொடுத்த ஸ்பிரிட். வேறு யார் எடுத்திருந்தாலும் முதல் பீய்ச்சலிலேயே மூக்கில் ஏறியிருக்கும். பெயிண்டருக்கு மூக்கு செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. தின்னரும் டர்பன்டைனும் தின்றுவிட்டன. பால் பொங்கித் தீய்ந்தாலும் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. அவர் பாட்டுக்கு ஏதோ பழைய மெட்டை முணுமுணுத்துக்கொண்டு அடித்தார். இரண்டு அடுக்கு முடிந்ததும் ஸ்பிரேயர் வறண்டது. குழாயில் தண்ணீர் பிடித்து மீதி நாலு அடுக்கையும் முடித்தார். வாடாத இலையைப் பார்த்துத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டு வெளியே போய் டீ குடித்தார்.

அவள் திரும்பி வந்தபோது காற்று எல்லாவற்றையும் உலர்த்திவிட்டிருந்தது. லேசாக ஒரு நெடி இருந்தது. அது புருஷன் சட்டையில் எப்போதும் அடிக்கிற நெடிதான் என்று விட்டுவிட்டாள்.

நேற்று சாயங்காலம் தட்டியைத் துடைக்க ஸ்பிரேயரை எடுத்துப் பீய்ச்சினாள். முகர்ந்தாள். மறுபடி பீய்ச்சினாள்.

"ஏங்க."

அந்த 'ஏங்க' வந்த விதத்திலேயே பெயிண்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"இதுல இருந்த ஸ்பிரிட் எங்க?"

"எது?"

"இந்தா இது. இதுல தண்ணி இருக்கு. ஸ்பிரிட் எங்க போச்சு?"

பெயிண்டர் ஸ்பிரேயரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவள் கண்ணே சிமிட்டவில்லை.

"எத்தனை அடுக்கு?"

"ரெண்டு. ரெண்டோட காலியாயிடுச்சு. அது நல்லா ஞாபகம் இருக்கு."

"எந்த ரெண்டு?"

அவருக்கு எங்கே ஞாபகம் இருந்தது! கையில் ஸ்பிரேயர், வாயில் பாட்டு, அவ்வளவுதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு 'தெரியாது' என்று சொல்ல எந்தப் புருஷனால் முடியும்?

"நீ சொன்ன மாதிரிதான். கீழேர்ந்து. ஒண்ணு, ரெண்டு."

விஷயம் போனில் போனதும் தம்பி ஓடிவந்தான். வந்த வாய் சும்மா இருக்கவில்லை. "ஆயுசுல ஒரு சொட்டு தொடாத மனுஷன். ஒரே நாள்ல ரெண்டாயிரம் பேருக்கு ஊத்திட்டீங்களே மாமா!"

அக்காள் திரும்பிய திருப்பலில் வாயை மூடிக்கொண்டான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "அக்கா, எங்க லேப் மேடம் எட்டு மாசமா இதையேதான் ஆராய்ச்சி பண்றாங்க. புழுவுக்கு ஸ்பிரிட் பட்டா உள்ள பட்டுச் சுரப்பி என்ன ஆகுதுன்னு. அடுக்குக்கு ஒண்ணா ஆறு புழு குடு. காலைல காட்டிடலாம். ஒண்ணும் ஆகலைன்னு வெச்சுக்கோ, ஆறு அடுக்கும் உனக்குத்தான்."

"ஆகியிருந்தா?"

"கீழ ரெண்டையும் எடுத்துடு. மேல நாலு இருக்குல்ல? நாலு போதும்."

அவள் யோசித்தாள். "சந்தேகப் புழுவ வெச்சுக்கிட்டு ஆபீசர உள்ள கூப்பிட மாட்டேன். பதினோரு மணி வரைக்கும் பாப்பேன். சேதி வரலைன்னா ஒண்ணும் ரெண்டும் குழிக்குப் போயிடும்."

அப்படிக் கிளம்பியதுதான் இந்தப் பயணம்.

லேப் மேடம் சின்ன உருவம். பெரிய கண்ணாடி. மேசையில் பாதி கடித்த ரொட்டியும் ஆறிப்போன டீயும். டப்பாவைப் பார்த்ததும் பிறந்தநாள் பிள்ளை மாதிரி கையைத் தேய்த்துக்கொண்டார். "வாங்க வாங்க! நீங்கதான் அந்த ஸ்பிரே அடிச்சவரா? நான் சொட்டு சொட்டா அளந்து இலையில தடவி எட்டு மாசமா பாக்குறேன். நீங்க ஒரே நாள்ல முடிச்சிட்டீங்க!"

பெயிண்டருக்குத் தலை நிமிரவில்லை. "தெரியாம நடந்துபோச்சு மேடம்."

"தெரிஞ்சு யாரு அடிப்பாங்க? கிட்ட வாங்க. கீழ் அடுக்குதானே? ஒண்ணாம் நம்பர எடுப்போம்."

மெழுகு பூசிய தட்டில் தண்ணீர் விட்டு, புழுவை மயங்க வைத்து, இரண்டு முனையிலும் ஊசி குத்தி, முதுகில் நூல் பிடித்தமாதிரி ஒரு கீறல். தோல் இரண்டு பக்கமும் விரிந்தது. உள்ளே கிடந்ததைப் பார்த்துப் பெயிண்டர், "அடேயப்பா!" என்றார். கண்ணாடிக் குழாயை வளைத்து வளைத்து மடித்து வைத்தமாதிரி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சுரப்பி. தண்ணீரில் பளபளவென்று அசைந்தது. புழுவுக்குள் குடலைத் தவிர மீதி இடமெல்லாம் அதுதான்.

"இதுதான் பட்டு. இன்னும் நூலாகல, உள்ள கூழா இருக்கு. பின்பக்கம் மெல்லிசா சுருண்டு கிடக்கு பாருங்க, அங்கதான் நூலுக்குச் சரக்கே ஊறுது. நடுவுல பெருத்திருக்கிற இடம் சேத்து வைக்கிற கிடங்கு, பசையும் அங்கதான் பூசுது. முன்னால இருக்கிறது வாய்க்குப் போற குழாய்." மேடம் பேசிக்கொண்டே பின்பக்கத்தில் துளி வெட்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, சாயம் விட்டு, மைக்ராஸ்கோப்பின் கீழ் தள்ளினார். "இதுல ஒரு அதிசயம் சொல்றேன். நமக்குத் தோல்ல கீறல் பட்டா புது செல் வந்து மூடிடும். இந்தச் சுரப்பியில அந்தப் பேச்சே கிடையாது. முட்டையிலேர்ந்து வரும்போது எத்தனை செல்லோ கடைசி வரைக்கும் அத்தனைதான். புதுசா ஒண்ணுகூட வராது. இருக்கிறதே பெருத்துப் பெருத்து வேலை செய்யும்."

"அப்ப ஒண்ணு கெட்டா?"

"கெட்டதுதான். அதோட பங்கு நூல் வராது. கூடு மெல்லிசாயிடும்."

பெயிண்டர் மீதி ஐந்து குப்பிகளையும் எண்ணிப் பார்த்தார்.

மேடம் கண்ணை லென்சில் வைத்தார். திருகினார். சுவரில் பத்து மணி பத்து நிமிஷம்.

"ம்."

"என்ன மேடம்?"

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கா!"

"ரொம்ப நல்லா இருக்கு. இருங்க, ரெண்டாம் நம்பர்."

இரண்டாம் நம்பரும் நன்றாக இருந்தது. ஒரு பழுது கிடையாது. பெயிண்டர் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டார். "ஒண்ணும் ஆகலடா! கெடலடா! உங்க அக்காவுக்குப் போன் போடு!"

"விடுங்க மாமா, எலும்பு நொறுங்குது!" தம்பி போன் போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. "எடுக்கல. மனைக்குள்ள இருக்கும். போன் அடுப்படியில கிடக்கும்."

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு இது ஒத்துவரல. என் புழுக்கள்ல இதைவிடக் கொஞ்சம் ஸ்பிரிட் பட்டதுக்கே தெரிஞ்சுது. மீதியையும் பாத்துடலாம்."

"மீதிக்குத் தண்ணிதானே மேடம் அடிச்சேன்?"

"பாத்துடலாம்."

மூன்று, சுத்தம். நாலு, சுத்தம். பெயிண்டர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். ஐந்தாம் நம்பரில் கண்ணை வைத்த மேடம் அப்படியே உறைந்தார். பிறகு சடாரென்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"இங்க வாங்க. நீங்களே பாருங்க. முதல்ல நாலு, அப்புறம் அஞ்சு."

பெயிண்டர் ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். நாலாம் நம்பரில் கட்டம் கட்டமாகப் பெரிய செல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் சாயம் ஏறிய ஏதோ ஒன்று கிளை விட்டு, கிளைக்குள் கிளை விட்டு, இலையில்லாத மரம் மாதிரி பரந்து கிடந்தது. தகடு மாறியது. ஐந்தாம் நம்பர். மரம் துண்டு துண்டாக உடைந்து கிடந்தது. சுற்றிலும் வெறும் ஓட்டைகள், சின்னதும் பெரியதுமாக.

இருபது வருஷமாக அவர் தினமும் பார்க்கிற காட்சி அது.

"மேடம், இது ஓதம் அடிச்ச சுவரு! ஈரம் உள்ள புகுந்துட்டா பெயிண்டு இப்படித்தான் கொப்பளிக்கும். வெளியே பாத்தா வழவழன்னு இருக்கும், தட்டினா பொலபொலன்னு கொட்டும்!"

"அதேதான்! கொப்பளம்தான்! எட்டு மாசமா இதை எப்படி எழுதுறதுன்னு தெரியாம இருந்தேன்!" மேடம் ஆறாம் நம்பரையும் தள்ளினார். அது இன்னும் மோசம். "அஞ்சும் ஆறும். மேல் ரெண்டு அடுக்கு. ஐயா, நீங்க நிஜமாவே கீழேர்ந்துதான் ஆரம்பிச்சீங்களா?"

"ஆமா... அப்படித்தான் நினைக்கிறேன்."

"நினைக்க வேணாம். அந்த பீரோதான் உங்க அடுக்குன்னு வெச்சுக்குங்க. ஸ்பிரேயர் கையில இருக்கு. அடிச்சுக் காட்டுங்க."

பெயிண்டர் பீரோ முன்னால் போய் நின்றார். தோளைக் குலுக்கினார். வலது கை தானாக எழும்பி நேராக உச்சிக்குப் போனது. அங்கிருந்து இடமும் வலமுமாகக் கீழே இறங்க ஆரம்பித்தது.

பெயிண்டர் உயரத்தில் நின்றுபோன தன் கையையே பார்த்தார்.

"மாமா," என்றான் தம்பி, "சுவருன்னா மேலேர்ந்துதானே அடிப்பீங்க?"

"கீழேர்ந்து அடிச்சா ஒழுகிடுமேடா," என்றார் பெயிண்டர். அடுத்த நொடி கத்தினார். "அவ நல்ல புழுவக் கொட்டப் போறாடா!"

பத்து மணி நாற்பது. செருப்பில் ஒன்று லேபிலேயே நின்றுவிட்டது. மேடம் மாடியிலிருந்து, "அஞ்சையும் ஆறையும் தூக்கிப் போட்டுடாதீங்க, எனக்கு வேணும்!" என்று கத்தியது பாதிதான் காதில் விழுந்தது.

"போன் போட்டுக்கிட்டே இரு."

"வண்டிய ஓட்டவா, போன் போடவா?"

பெயிண்டர் அவன் சட்டைப் பையிலிருந்து போனை உருவி, காதில் வைத்துக்கொண்டே வந்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அடுப்படி ஜன்னலோரம் அது அதிர்ந்து அதிர்ந்து நகர்வது கண்ணில் தெரிந்தது. "எடுடி, எடுடி, என் ராசாத்தி எடுடி!"

"இத்தனை வருஷத்துல இப்பத்தான் அக்காவ ராசாத்தின்னு கேக்குறேன்."

"லாரி வருதுடா!"

கீழ் இரண்டு அடுக்கும் போனால் மிஞ்சுவது நாலு. அதில் இரண்டு கொப்பளம். அதை விதை என்று தட்டியில் ஏற்றி, ஆபீசர் கூட்டை அறுத்துப் பார்த்தால் அத்தோடு முடிந்தது. ஒரே ஒரு அடுக்கு போனாலும் மிச்சம் நல்லது மூன்றுதான். நாலுக்கு எங்கே போவது? பொய் சொன்ன நாக்கைக் கடித்துக்கொண்டார் பெயிண்டர். 'தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திட்டுவாள். திட்டினால் என்ன?

சந்துமுனையிலேயே பைக்கிலிருந்து குதித்து ஓடினார். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனபோது மணி பதினொன்று ஐந்து.

கெடுபிடி குழியோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். சொன்னால் சொன்ன நேரம். இடுப்பளவு குழி. பக்கத்தில் ஒரு கூடை காலியாகக் கிடந்தது. இன்னொரு கூடை நிறையப் புழு. அவள் கையில் சுண்ணாம்பு முறம், குழிக்கு மேல் சாய்ந்திருந்தது.

"போடாத!"

அவள் நிமிர்வதற்குள் பெயிண்டர் குழிக்குள் குதித்துவிட்டார். ஒரு ஓரமாக, புழு இல்லாத மூலையில். இரண்டு கையையும் குடை மாதிரி விரித்துக்கொண்டு நின்றார். "சுண்ணாம்பு போடாத! இதுங்க நல்ல புழு! கெட்டது மேல இருக்கு!"

"என்ன உளர்றீங்க?"

"நான் மேலேர்ந்து அடிச்சேன். அஞ்சும் ஆறும்தான். மைக்ராஸ்கோப்புல பாத்துட்டு வர்றேன். கீழேர்ந்துன்னு சொன்னது பொய். எனக்கு ஞாபகமே இல்ல. உன் மூஞ்சியப் பாத்து பயந்துபோய்ச் சொல்லிட்டேன்."

அவள் முறத்தைப் பின்னால் வாங்கினாள். மெதுவாக, ஒரு பொடி உதிராமல், தரையில் வைத்தாள். புருஷனைப் பார்த்தாள். குழிக்குள் மண்ணோடும் வாடின இலையோடும் நெளிகிற முதல் அடுக்கைப் பார்த்தாள்.

"அப்புறமா உங்களப் பேசிக்கிறேன்," என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் இறங்கினாள். "ரெண்டு விரலால எடுங்க. நசுக்காதீங்க. வயித்துல அமுக்காம முதுகோட எடுங்க. தம்பி, ஈரத்துணி விரிச்சுக் கூடைய நீட்டு!"

மூன்று பேரும் பொறுக்கினார்கள். ஆயிரம் புழு. மண் ஒட்டினதை அவள் கோழி இறகால் தட்டிவிட்டாள். பெயிண்டரின் விரல்கள் சுவர் சுரண்டிச் சுரண்டிக் காய்ந்துபோனவை. அந்த விரலால் ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றாக வைத்தார். இடுப்பு விட்டுப்போனது. வியர்வை புழுமேல் சொட்டாமலிருக்க முழங்கையால் நெற்றியைத் துடைத்தார். "அந்த வேர்கிட்ட ஒண்ணு." "இங்க நாலு." பேச்சு அவ்வளவுதான்.

"வீட்ல யாரு?" என்று குரல் கேட்டது. நிமிர்ந்தார்கள். குழியோரத்தில் கையில் ஃபைலோடு விதை ஆபீசர். அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

"என்னம்மா இது? புழு குழிக்குள்ள இருக்கு, நீங்களும் குழிக்குள்ள இருக்கீங்க?"

பெயிண்டர் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தார். பெண்சாதி முந்திக்கொண்டாள். ஸ்பிரிட், இரண்டு அடுக்கு, குப்பி, மைக்ராஸ்கோப்பு, ஒன்றுவிடாமல் குழிக்குள் நின்றபடியே சொன்னாள். "மேல் ரெண்டு அடுக்கு விதைக்கு வேணாம் சார், நானே கணக்குல சேக்கல. மூணும் நாலும் உள்ள இருக்கு. ரெண்டாம் அடுக்கு இந்தக் கூடையில இருக்கு. ஒண்ணாம் அடுக்கு இப்ப பொறுக்குறோமே, இதுதான். நாலு அடுக்குக் கணக்கு சரியா இருக்கு."

ஆபீசர் கூடையைப் பார்த்தார். "மண்ணுல விழுந்து எழுந்த புழு. கட்டுமா?"

"தெரியாது சார்," என்றாள் அவள்.

அந்த வார்த்தையை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் என்று பெயிண்டர் நினைத்தார்.

"குழியில விழுந்த புழுவப் பத்தி விதியில ஒண்ணும் எழுதல," என்றார் ஆபீசர். "தட்டியில ஏறிச் சுத்துனா அது புழு. சுத்தலைன்னா உங்களுக்கு மூணு அடுக்குதான். ஏத்துங்க, நான் இருக்கேன்."

கை கழுவி, கால் கழுவி, ஆபீசரையும் கழுவ வைத்து, எல்லோரும் மனைக்குள் போனார்கள். இரண்டு, மூன்று, நாலாம் அடுக்குப் புழுக்கள் தட்டியில் விட்டதுமே இடம் தேடி ஊர்ந்தன. ஒன்றாம் அடுக்குப் புழுக்கள் போட்டது போட்டபடி கிடந்தன. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். கூரையிலிருந்த ஈரச்சாக்கு சொட்டும் சத்தம் மட்டும். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். தம்பி நகம் கடித்தான். அக்காள் அதட்டக்கூட இல்லை.

"அதோ," என்றார் பெயிண்டர் மூச்சுக்குள்ளேயே.

ஓரத்தில் ஒன்று தலையைத் தூக்கியது. மஞ்சள் ஏறி, கண்ணாடி மாதிரி உள்ளே வெளிச்சம் தெரிகிற உடம்பு. இந்தப் பக்கம் தொட்டது, அந்தப் பக்கம் தொட்டது. வாயிலிருந்து வந்த இழை கண்ணுக்குத் தெரியவில்லை. தகரத்தின் ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் ஒரு கணம் மின்னியபோதுதான் தெரிந்தது. மறுபடி இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அதற்குக் கீழே இன்னொன்று தூக்கியது. அதற்குப் பக்கத்தில் இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை. தட்டி முழுக்கத் தலைகள் ஆடின. எட்டுப் போட்டு எட்டுப் போட்டு, மண் தொட்ட உடம்போடு சுற்றின.

"ஏறிடுச்சு சார்! ஏறிடுச்சு!" தம்பி குதித்தான்.

"மெதுவாடா, அதிரும்!" மூன்று பேரும் ஒரே குரலில் அதட்டினார்கள். மூன்றாவது ஆள் ஆபீசர்.

அவர் ஒவ்வொரு தட்டியாகக் குனிந்து பார்த்தார். அவசரப்படவில்லை. ஃபைலை முழங்கால்மேல் வைத்து 'நான்கு' என்று எழுதினார். அதை எழுத்திலும் எழுதினார், எண்ணிலும் எழுதினார். "கூட்டை அறுத்துப் பாக்குறது வழக்கம்போல எட்டாம் நாள். இதுவரைக்கும் ஒரு குறையும் இல்ல. இந்த மாதிரி உண்மையச் சொல்ற கைதான் விதைக்கு வேணும்மா."

அவர் போன பிறகும் கெடுபிடி தட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெயிண்டர் திட்டுக்காகக் காத்து நின்றார். காலில் மனைச் செருப்போடு, துணியெல்லாம் குழி மண்ணோடு.

அவள் அடுக்கின் உச்சியைக் காட்டினாள். ஐந்திலும் ஆறிலும் புழுக்கள் இலையைத் தொடாமல் தலையைத் தூக்கித் தூக்கித் தேடிக்கொண்டிருந்தன.

"இதுங்களுக்குத் தனியா ரெண்டு தட்டி வெச்சிருக்கேன். ஏத்துங்க."

"அதுங்க சரியா கட்டாதேம்மா. உள்ள எல்லாம்..."

"எவ்வளவு வருதோ அவ்வளவு கட்டட்டும். நாமதானே ஊத்தினோம்?"

பெயிண்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். ஆறாம் அடுக்கிலிருந்து முதல் புழுவை முதுகோடு எடுத்து, கீழே நீட்டியிருந்த அவள் உள்ளங்கையில் வைத்தார். அது அங்கேயே தலையைத் தூக்கி, அவள் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு இழையைக் கட்டத் தொடங்கியது.